மாத்திரை இல்லாத தூக்கம்

எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கும் ஸ்நேஹல், நான் ரிட்டயர் ஆன ஆஸ்பத்திரியிலேயே இப்போது ஈ.ஈ.ஜி. டெக்னீஷியனாக வேலை பழகுகிறாள். மராத்திப் பெண். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியிறங்கி வந்து விரலில் போட்டிருந்த கறுப்பு மோதிரத்தைக் காட்டினாள். இரவு எவ்வளவு நேரம் தூங்கினாள், எப்போது புரண்டாள் என்று காலையில் அது போனுக்குச் சொல்லிவிடுமாம். தூக்கம் வராதவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் அதே கம்பெனி போடுகிறதாம். அதன் படத்தையும் காட்டினாள். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் 'மருந்தே வேண்டாம்' என்று போட்டிருந்தது.

"ஏன் ஆன்ட்டி முகம் மாறிப்போச்சு?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பாதிதான் சொன்னேன். முழுதையும் இங்கே எழுதுகிறேன். ஸ்நேஹலுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் கை கொஞ்சம் தாராளமாகவே ஓடுகிறது.

என் பெயர் கஸ்தூரி. அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணமாகி சாங்வியில் குடித்தனம் வைத்தது எல்லாமே புனேயில்தான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளையலை எடுக்கும் வேலைக்குப் போனேன். ஒரு மலையாளச் சீனியர் அக்கா பழக்கிவிட்டார். ஆரம்பத்தில் தலைகளைத் தொடப் பயந்தேன். பிறகு தலைகளைத் தவிர வேறு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் பின்மண்டையைப் பார்த்து, இவருக்கு அளவெடுப்பது சுலபம் என்று நினைத்துக்கொள்வேன். படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் பாதியில் ஔந்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு நரம்பியல் கிளினிக்கில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் டாக்டர் நெனே. எல்லோரும் மேடம் என்போம். அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம். பருத்திச் சேலை, வெட்டிவிட்ட நரைமுடி, குரல் எப்போதும் ஒரே உயரத்தில்.

அவரிடம் நான் கண்ட நல்லதைச் சொல்லாமல் அவர் பிறகு செய்ததை மட்டும் சொன்னால் நியாயமாகாது. அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

நோயாளிக்கும் அவருக்கும் நடுவில் மேஜை கிடையாது. இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரம். ஆள் உட்கார்ந்ததும் "ஸாங்கா" என்பார். சொல்லுங்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார். வந்தவர் திணறுவார், மேலே பார்ப்பார், ஏதோ சொல்வார், நிறுத்துவார். மேடம் காத்திருப்பார். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "தூக்கம் வராதவங்களுக்கு மணிக்கணக்கு தெரியாது கஸ்தூரி. தூங்கினதைக் குறைச்சும் சொல்வாங்க, கூட்டியும் சொல்வாங்க. பொய் இல்ல அது, களைப்பு" என்று எனக்குச் சொன்னார். நேற்று சாப்பிட்ட பிறகு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஆள் தன் வீடு, மாமியார், டி.வி., கடன், பயம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்.

தலையில் மின்முனைகளை ஒட்டப் பசை போடுவோம். வேலை முடிந்ததும் துடைத்தாலும் முடியில் பிசுக்கு நிற்கும். ஒருநாள் ஒரு அம்மாள் அப்படியே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். மேடம் அவரைக் கூப்பிட்டு, வாஷ்பேசின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, வெந்நீர் ஊற்றித் தன் கையாலேயே தலையைக் கழுவிவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு தலையையும் நானே கழுவினேன்.

அந்தக் கிளினிக்குக்குக் காதுக் கிளிப் வந்தது இரண்டாயிரம் பிறந்த பிறகு. சிஞ்ச்வட்டில் கார் உதிரி பாகங்களுக்கு மின்பலகை செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஓர் இன்ஜினியர் தன் தாயாரின் தூக்கத்துக்காக அதைச் செய்ய ஆரம்பித்தாராம். சோப்பு டப்பா அளவு பெட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள். முனையில் இரண்டு கிளிப்கள். உள்ளே கம்பளித் துணிபோல ஒரு திண்டு. மிகமிகச் சிறிய மின்துடிப்பு இரண்டு காதுமடல்களுக்கும் நடுவில் போய் வரும். மாலையில் அரை மணி, முக்கால் மணி போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஆம்பிளைகளுக்கு முதல் வெட்கம், கம்மல் போட்டதுபோல இருக்கிறதே என்று.

அதைப் பொருத்தும் வேலை எனக்கு வந்தது. முதலில் காதுமடலை ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் சுருக்கென்று குத்தும். திண்டில் உப்புநீர் சொட்டுப் போட வேண்டும், வழியக் கூடாது. கிளிப்பை மாட்டிவிட்டுக் குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். "எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா கை தூக்குங்க" என்பேன். கை தூக்கியதும் நிறுத்தி, ஒரு சிட்டிகை பின்னால் திருப்ப வேண்டும். எறும்பு ஊரக் கூடாது. ஊரப் போகிறது என்ற இடத்தில் நிற்க வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் கிடையாது, கர்ப்பிணிகளுக்குக் கிடையாது, வலிப்பு வந்தவர்களுக்குக் கிடையாது. பெட்டிகள் புதிதாக வரும்போதெல்லாம் மேடமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எங்கள் காதில் மாட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே போகும். பிறர் காதைத் தொடுமுன் மேடம் இரண்டு உள்ளங்கைகளையும் சரசரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு விஷயத்தில் அவர் கல். கிளிப் போட்ட அன்றைக்கே மாத்திரையை நிறுத்தக் கூடாது. எங்களிடம் வந்தவர்கள் பாதிப் பேர் வருஷக்கணக்காகத் தூக்க மாத்திரை போட்டவர்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைத்துக்கொண்டிருந்தது. "இது மருந்து இல்ல. மாடிப்படியில கைப்பிடி. மாத்திரைங்கிற மாடியிலேர்ந்து ஒவ்வொரு படியா இறங்கறதுக்கு. கைப்பிடி இருக்குன்னு யாரும் மேலேர்ந்து குதிக்கக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். மாத்திரையை பிளேடால் நான்காக நறுக்குவது எப்படி என்று நான் காட்டுவேன். ஒரு துண்டைக் குறைத்து, உடம்பு அதற்குப் பழகும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த துண்டு. அவசரப்படுத்துகிறவர்களிடம் மேடம், "இத்தனை வருஷம் ஏறினீங்க, இறங்க மட்டும் லிஃப்ட் கேட்கிறீங்களா?" என்பார்.

சண்முகம் வந்தது அந்தக் காலத்தில்தான். சிஞ்ச்வட்டில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். சேலத்துக்காரர், நாற்பது வயதுக்குள். அவருடைய மனைவி தனம்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். தமிழ் என்று தெரிந்ததும் மேடம் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஸாங்கா" என்றார் மேடம்.

சண்முகம் மேடத்தைக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரிங்கக்கா. பதினாலு வருஷமா. முன்னெல்லாம் வந்து படுத்தா பொணம் மாதிரி தூங்குவேன். இப்ப கண்ண மூடினா கிரேன் சத்தந்தான் கேக்குது. மாத்திர போட்டாத்தான் ஆச்சு. மொதல்ல ஒண்ணு, இப்ப ரெண்டு" என்றார்.

"வேலையில எப்படி?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தாங்க வந்தேன். மேல நான் உக்காந்து டன் கணக்குல இரும்பத் தூக்குறேன். கீழ ஆளுங்க நிக்கிறாங்க. ஒருநாள் கொக்கி நான் நெனச்ச எடத்துல நிக்கல, ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா நான் எறங்கி வந்து வாந்தி எடுத்தேன்."

தனம் குறுக்கிட்டாள். "மாத்திர போடுறது தெரிஞ்சா கிரேன்லேர்ந்து எறக்கிடுவாங்கக்கா. வேற என்ன வேலை தெரியும் இவருக்கு?"

நான் மராத்தியில் சொன்னதைக் கேட்டுவிட்டு மேடம், முதல் வேலையாக ஃபோர்மேனிடம் பேசிச் சில மாதத்துக்குப் பகல் ஷிஃப்ட் வாங்கச் சொன்னார். அதுவரைக்கும் கிரேனில் ஏற வேண்டாம் என்றார். சண்முகம் முரண்டு பிடித்தார். மேடம் விடவில்லை. ஃபோர்மேன் நல்ல மனிதர், லீவு கேட்டால்கூடக் காரணம் கேட்காதவராம். கொஞ்ச நாள் கீழே சங்கிலி மாட்டும் வேலை, பிறகு பகலில் மட்டும் கிரேன் என்று ஏற்பாடு செய்துகொடுத்தார்.

கிளிப் மாட்டிய முதல் நாள் சண்முகம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "எங்கம்மாவுக்குப் பொம்பளப் புள்ள இல்லையின்னு ரொம்பக் கொறைங்க. இப்பப் பாத்தா சந்தோசப்பட்டிருப்பா" என்றார். தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட்டிலிருந்து வந்து, ஸ்டேஷனிலிருந்து ஸிக்ஸ் ஸீட்டர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு ஔந்துக்கு வருவார்கள் இருவரும். வரும்போதெல்லாம் தனம் எனக்குத் தட்டை சுட்டுக் கொண்டுவருவாள். சில மாதத்தில் இரண்டு மாத்திரை ஒன்றரை ஆகி, ஒன்றேகால் ஆகி, ஒன்றானது. முகத்தில் வீக்கம் வடிந்தது. கிளிப் வேலை செய்ததா, பகல் ஷிஃப்டா, மேடம் காது கொடுத்துக் கேட்டதா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் இறங்கிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில் கம்பெனி வளர ஆரம்பித்தது. இன்ஜினியர் புதிதாக விற்பனை ஆட்களை வைத்தார். மேடத்திடம் வந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் பளபளவென்று ஒரு நோட்டீஸ் கட்டுக்கட்டாக வந்து ரிசப்ஷனில் இறங்கியது. முகப்பில் மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கீழே மராத்தியில்: 'கோள்யா ஃபேகா, ஷாந்த் ஜோபா'. மாத்திரையைத் தூக்கி எறி, நிம்மதியாகத் தூங்கு.

ஒன்றை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், இதப் பாத்தீங்களா? நாம சொல்றதுக்கு நேர் எதிரா இருக்கு."

வாங்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "ஆமா. எனக்குக் காட்டாம போட்டுட்டாங்க. சொல்றேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாத்திடுவாங்க."

"அதுவரைக்கும் இது?"

"நம்மகிட்ட வர்றவங்களுக்கு நாம வாயால சொல்றோமே கஸ்தூரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

ரிசப்ஷனில் இருந்த கட்டை நான் எடுத்துப் பழைய காகிதங்களோடு போட்டேன். எங்கள் கிளினிக் வாசலுக்கு வெளியே எத்தனை கட்டு போனது என்று யாருக்குத் தெரியும்?

சண்முகத்தின் தொழிற்சாலை கேண்டீனில் கம்பெனி ஆட்கள் ஒரு மேஜை போட்டார்கள். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இருக்கும் இடத்தில் தூக்கம் விற்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். சண்முகம் பெருமையோடு போய், தன்னிடம் ஏற்கெனவே இந்த மெஷின் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். விற்பனை ஆள், "அப்புறமும் மாத்திரை சாப்பிடுறியா? எதுக்கு? உன் டாக்டரே என்ன சொல்றாங்க பாரு" என்று நோட்டீஸைக் கையில் திணித்திருக்கிறான். தொழிற்சாலையில் வருஷாந்திர மருத்துவப் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாமே என்று சண்முகம் நினைத்தார். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த மாத்திரைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

இரண்டு நாள் கை நடுங்கியது, வியர்த்தது. மூன்றாம் நாள் காலை கிரேன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. பாதி ஏணியிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தார்.

அன்று மத்தியானம் தனம் கிளினிக்குக்கு வந்தாள். தலை வாரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். காதுக் கிளிப்பையும் நோட்டீஸையும் என் மேஜையில் வைத்தாள்.

"நீங்க சொன்னபடிதானக்கா செஞ்சாரு?"

"நான் அப்படிச் சொல்லலியே தனம். ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டாத்தானே..."

"படத்துல அம்மா இருக்காங்களே! அம்மா சொன்னா நீங்க சொன்ன மாதிரிதானே?"

நோட்டீஸில் மேடம் அதே சிரிப்பில் இருந்தார்.

சண்முகத்துக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தாடையில் தையல், பின்மண்டையில் தையல். உயிர் தப்பினார். எழுந்து ஊன்றுகோலில் நடக்க மாதக்கணக்கானது. தொழிற்சாலை டாக்டர் காகிதத்தில் வலிப்பு நோய் என்று எழுதினார். வலிப்பு நோய்க்காரன் ஆயுசுக்கும் கிரேனில் ஏற முடியாது. ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த வலிப்பு என்றால் அது நோய் இல்லை. அது ஒரு தடவை வந்த விபத்து. கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதை அதிகாரத்தோடு சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

மூளையலை எடுக்க சண்முகத்தை எங்களிடம் அனுப்பினார்கள். அந்தத் தலையை நான் மறக்கவில்லை. மூக்கும் நெற்றியும் சேரும் குழியிலிருந்து பின்மண்டை மேடுவரை டேப் வைத்தேன். மேட்டின் மேலேயே தழும்பு ஓடியது, தொட்டால் கூசினார். ஒரு காதின் முன்பக்கத்திலிருந்து மறு காதுவரை அளந்தேன். சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன். புள்ளி விழ வேண்டிய இடத்தில் தழும்பு இருந்தால் மின்முனையைத் தள்ளி வைக்க வேண்டும். அந்தப் பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கமும் அதே அளவு தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பாதிகளையும் ஒப்பிட முடியாது. தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து, ஒவ்வொரு முனையாக ஒட்டி, ஒவ்வொன்றும் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சோதித்தேன். வழக்கத்தைவிட இரண்டு பங்கு நேரம் ஆனது.

"அக்கா, என்ன இத்தன ஒயரு? என்னயே கிரேன்ல மாட்டித் தூக்கப் போறீங்களா?" என்றார்.

கண்ணை மூடச் சொன்னேன், திறக்கச் சொன்னேன். வேகவேகமாக மூச்சு விடச் சொன்னேன். கண்ணுக்கு நேரே விளக்கை மின்னவிட்டேன். வலிப்பு நோய் உள்ள மூளை பல சமயம் இங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். திரையில் அலைகள் அமைதியாக ஓடின. கண்ணை மூடும்போது பின்பக்கத்தில் வர வேண்டிய தாளம் வந்தது, திறந்தபோது அடங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. வலிப்பைக் காட்டும் கூரான முள் ஒன்றுகூட இல்லை. மேடம் பார்த்துவிட்டு, "நார்மல்" என்றார். அன்று நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

சில நாள் கழித்துத் தொழிற்சாலையின் வெல்ஃபேர் ஆபீசர் நேரிலேயே வந்தார். சண்முகமும் தனமும் கூட வந்தார்கள். மேஜை இல்லாத அந்த அறையில் எல்லோரும் ஒரே உயர நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஆபீசர் மரியாதையான மனிதர். மராத்தியில் கேட்டார்:

"டாக்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இந்த வலிப்பு ஏன் வந்தது? மாத்திரையை நிறுத்தினதாலதான்னு நீங்க சொன்னா, நான் மேல பேசிப் பார்க்கிறேன்."

மேடம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே உயரத்துக் குரலில், "ஸாங்கதா யேத் நாஹீ" என்றார்.

"டெஸ்ட் நார்மல்னு இருக்கே?"

"டெஸ்ட் நார்மலா இருந்தா வலிப்பு நோய் இல்லன்னு அர்த்தமாகாது. பல காரணம் இருக்கலாம்."

அது உண்மை. புத்தகத்திலேயே இருக்கிற உண்மை. நானும் பயிற்சியில் படித்த உண்மை. ஒரு உண்மையை இப்படி எடுத்து வாசலில் குறுக்கே போடலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சண்முகம் என் பக்கம் குனிந்தார். "அம்மா என்ன சொல்றாங்கக்கா?"

"சொல்ல முடியாதுங்கறாங்க."

அவர் மேடத்தையே பார்த்தார். "சொல்ல முடியாதா, சொல்ல மாட்டாங்களா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆபீசர் பக்கம் திரும்பி மராத்தியில் சொன்னேன். இவர் மாத்திரையை எங்கள் சொற்படி படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருந்தார், கேண்டீனில் கொடுத்த நோட்டீஸைப் பார்த்துத்தான் ஒரேயடியாக நிறுத்தினார், மூன்றாம் நாள் வலிப்பு வந்தது, அதற்கு முன் இவருக்கோ இவர் குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு வந்ததே இல்லை என்று. நோட்டீஸில் யார் படம் இருந்தது என்பதையும் சொன்னேன்.

"கஸ்தூரி, பாஹேர் தாம்ப்" என்றார் மேடம். வெளியே நில். பல வருஷத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் அதட்டல், அதுவும் குரல் உயராமல்.

ஆபீசர் சங்கடத்தோடு, "அக்கா, நீங்க சொல்றதை நான் நம்பலாம். ஆனா டெக்னீஷியன் சொன்னாங்கன்னு நான் மேல போய்ச் சொல்ல முடியுமா?" என்றார்.

நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சண்முகம் என்னைக் கடந்து போகும்போது நின்று தலையசைத்தார். தனம் பார்க்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மேடம் கூப்பிட்டார்.

"உட்கார்."

நான் நின்றேன்.

"நான் அதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? கம்பெனியை மூடுவாங்க. பேப்பர்ல வரும். இதே கிளிப்பைப் பிடிச்சுக்கிட்டு நம்மகிட்ட எத்தனை பேர் இறங்கியிருக்காங்க? பாதியில நிக்கிறவங்க எத்தனை பேர்? அத்தனை பேரும் பயந்துபோய் திரும்ப மாத்திரைக்குப் போவாங்க."

"சண்முகம்?"

"அவர் நம்மள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"உங்க படத்தக் கேட்டுட்டாரு மேடம்."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே தெரிந்து செய்தாரா என்று தெரியவில்லை. கடைசியில், "நீ இளகின மனசுக்காரி. இந்த வேலைக்கு அது நல்லதுதான்" என்றார். என்னை அடித்திருந்தால்கூட நான் இவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்க மாட்டேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கிளினிக்கை விட்டேன். மேடம் தடுக்கவில்லை. அடுத்த வேலைக்கு என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியே அனுப்பினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் போவதற்கு முன் நோட்டீஸ் புது அச்சில் வந்தது. படம் இல்லை. மாத்திரையை எறியச் சொன்ன வரியும் இல்லை. அதற்குப் பதில், டாக்டர் ஆலோசனைப்படி என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. வலிப்பு ஏன் வந்தது என்று சொல்ல முடியாதவர்களுக்கு நோட்டீஸை ஏன் மாற்ற வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை இன்னொரு ஆஸ்பத்திரியில் தலைகளை அளந்துகொண்டிருந்தேன். கம்பெனி சில வருஷத்தில் கைமாறி, பிறகு காணாமல் போனது. வேறு கம்பெனியின் பெரிய மெஷின் வந்து அடித்துவிட்டதாகச் சொன்னார்கள். மேடம் பயந்தபடி யாரும் அதை மூடவைக்கவில்லை. தானாக மூடிக்கொண்டது. அந்தக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேடத்துக்குப் பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன. ஒன்றுக்கு எனக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. அவரிடம் நான் கற்ற எதையும் விட்டுவிட முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கடைசி நாள்வரை ஒவ்வொரு தலையையும் வெந்நீரில் கழுவித்தான் அனுப்பினேன். காதைத் தொடுமுன் கையைத் தேய்த்துக்கொண்டுதான் தொட்டேன்.

சண்முகத்தைத் தொழிற்சாலை உடல் தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டது. இதைக் கேள்விப்பட்டேனே தவிர, அவர்கள் வீட்டுக்குப் போகும் தைரியம் வரவில்லை. பல வருஷம் கழித்து ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக சிஞ்ச்வட் போனபோது, மண்டபத்துக்குப் பக்கத்துக் காய்கறிக் கடைத்தெருவில் இருவரையும் பார்த்தேன். சண்முகம் ஒரு கால் இழுத்து நடந்தார். உடம்பு போட்டிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"எப்படி இருக்கீங்க சண்முகம்?"

"நல்லாருக்கேங்கக்கா. வலிப்பு அதுக்கப்புறம் ஒருக்காகூட வரல." சிரித்தார். "தூக்கங்கூட நல்லா வருதுங்க. ஷிஃப்ட் இல்லீங்கல்ல. ஒம்பது மணிக்குப் படுத்தா விடிஞ்சாத்தான் எந்திரிக்கிறேன். மாத்திரையும் இல்ல, கிளிப்பும் இல்ல."

நல்லது என்றேன்.

தனம் பேசாமல் வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காலையில் ஒரு மெஸ்ஸில் சமையல், மத்தியானத்துக்கு மேல் ஒரு பெரிய கடையில் மூட்டை பிரித்து அடுக்கும் வேலை, சில வாரம் இரவிலும் கூப்பிடுவார்கள் என்று சண்முகம்தான் சொன்னார். அவர் பணம் கொடுக்கப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்ததும் அவள் என்னிடம் வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பேசியது அதுதான்.

"அக்கா, அந்தக் காது கிளிப்பு இப்பவும் கெடைக்குதா?"

"எதுக்கு? அவர்தான் நல்லா தூங்குறாரே."

"அவருக்கில்லக்கா. எனக்கு."

கம்பெனியே போய்விட்டது என்று சொன்னேன். அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை என்றேன். என் ஆஸ்பத்திரிக்கு வா, நான் நல்ல டாக்டரிடம் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். எந்த நாளில் வருவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"சரிக்கா, விடுங்க. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள். பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்தாள்.